எங்கள் பாண்ட் சேர்: உடுப்புத் தைத்த அம்மா எழுதும் விமர்சனம்

பள்ளிக்கூட பாண்ட் பழக்குகிறவர்களைப் பற்றி யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ரைஸ் குக்கருக்கு எழுதுகிறார்கள். கிளிநொச்சியில் புதிதாகத் திறக்கிற ஒவ்வொரு கொத்துரொட்டிக் கடைக்கும் படம் போட்டு எழுதுகிறார்கள். பிள்ளைகளை ஒரு பருவம் முழுக்க வெயிலில் நிறுத்திப் பழக்குகிற மனிதருக்குத் தாய் தகப்பன்மார் காசு சேர்த்துக் கொடுக்கிறோம். அவரைப் பற்றி விசாரித்தால் மட்டும் "நல்லாப் பழக்குவாராம்" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும். அது போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் விசுவமடுவில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் தரம், பள்ளிக்கூட பாண்டில் சைட் ட்ரம் அடிக்கிறாள். பாண்ட் உடுப்பு முழுவதும் என் கடையில் தைத்தது. பெற்றோர் சேர்க்கிற காசின் கணக்குக் கொப்பியும் என்னிடம்தான் இருக்கிறது. ஆகவே யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதும், எந்தப் பிள்ளையின் தோள் எவ்வளவு அகலம் என்பதும் எனக்குத் தெரியும். சங்கீதம் தெரியாது. பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதவில்லை. சேரும் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பாண்ட் வைத்திருக்கிற எந்தப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தாலும் ஆளைச் சொல்வார்கள்.

அவசரமாக வாசிக்கிறவர்களுக்கு: ட்ரம் பழக்க இவரை யோசிக்காமல் கூப்பிடலாம். ஊதுகிற வாத்தியங்களுக்கு வேறு ஆளைப் பாருங்கள். காசு நியாயம். நேரத்துக்கு வருவார் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

இவருக்கு முன் இருந்தவர் பெயர் பெற்ற ஆள். வேறொரு பள்ளிக்கூடத்தைப் போட்டியில் வெல்ல வைத்தவர் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. தை மாதம், இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் திகதி குறித்து அழைப்பிதழும் அச்சடித்த பிறகு, இன்னொரு பள்ளிக்கூடம் புதுச் சாமான்களும் கூடுதல் காசும் தருகிறது என்று போய்விட்டார். வெள்ளிக்கிழமை போனார். திங்கட்கிழமை பிள்ளைகள் மைதானத்தில் நிற்கிறார்கள், அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அணிநடை முழுவதும் அவருடைய தலைக்குள். தாளங்களின் பதிவு அவருடைய போனுக்குள். கேட்டால் போன் எடுப்பதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தகப்பன் "அந்த மனுசன் இனி இந்த றோட்டால போகட்டும் பாப்பம்" என்று எழும்பியே விட்டார். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. ஆட்கள் வந்து போவது வன்னிக்குப் புதிதா? கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க வருகிறவர்கள் கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்துப் போவார்கள். காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கடைசி மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே. ஆனால் கணித ஆசிரியர் போனால் பாடப்புத்தகம் மேசையில் இருக்கும், அடுத்தவர் வந்து பக்கத்தைத் திறக்கலாம். பாண்ட் சேர் போனால் திறப்பதற்கு எங்களிடம் ஒரு பக்கமும் இருக்கவில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் மகனிடம் இதைப் போனில் சொல்லி அழுதேன். அவன் தன் பள்ளிக்கூட பாண்டில் வாசிக்கிறவன். அமெரிக்க ட்ரம் கோர் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "மாமி, அங்க இது ஒவ்வொரு வருசமும் நடக்கிற விசயம்" என்று சிரித்தான். பிறகு அனுப்பிய வீடியோக்களில் என்னுடைய ஒரு கிழமை ரெலோட் காசு போய்விட்டது.

ட்ரம் கோர் என்றால் பித்தளை வாத்தியம், ட்ரம் வகைகள், கொடி சுழற்றுகிறவர்கள். கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் அங்கே வரிசையில் நிற்காது. இலாபம் பார்க்காத தனி அமைப்புகள் இவை. 21, 22 வயதோடு பிள்ளைகள் வெளியேற வேண்டும். வாசிக்கிற பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் டொலர் கட்டித்தான் சேர்கிறார்கள். ட்ரம் கோர் இன்டர்நேஷனல் நடத்துகிற இறுதிப்போட்டி 1972 இல் விஸ்கொன்சின் மாநிலத்து வைட்வோட்டரில் தொடங்கியது. 2009 முதல் இன்டியானாபொலிஸில் லூகாஸ் ஒயில் என்ற பெரிய அரங்கில் நடக்கிறது. புள்ளி நூற்றுக்கு. ஒட்டுமொத்தமாகப் பார்க்கிறவரைக் கவர்வதற்கு 40, பார்வைக்கு 30, இசைக்கு 30. உடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பொத்தான், குஞ்சம், தொப்பி எல்லாம் இப்போது பெரும்பாலும் போய்விட்டது, உடம்போடு ஒட்டிய நாட்டிய உடுப்புத்தான். எங்கள் பிரதம விருந்தினர்கள் முன்னால் அதைப் போட்டு ஒரு பிள்ளையை விட முடியாது.

அங்கே பழக்குகிறவர்கள் அணி மாறுவதுதான் எனக்கு முக்கியம். போல் ரெனிக் என்று ஒருவர், வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். 2010 வரை பாண்டம் ரெஜிமென்ட் என்ற அணியின் ட்ரம் பகுதி அவர் கையில் இருந்தது. 2011 இல் மனைவியோடு சேர்ந்து சான்டா கிளாரா வான்கார்டுக்குப் போய்விட்டார். அந்த அணி 2018 இல் முதலிடம் பெற்றது. பொஸ்டன் குருசேடர்ஸ் 2016 இல் 12ஆம் இடத்தில் நின்ற அணி. அந்தப் பருவம் முடிந்ததும் மற்றப் பெரிய அணிகளில் இருந்த அனுபவசாலிகள் பலர் கூட்டமாக அங்கே போனார்கள். அடுத்த வருடமே 6ஆம் இடம். 2025 இல் முதலாம் இடம். மறுபக்கத்தில், 1934 இல் தொடங்கிய த கடெற்ஸ் என்ற புகழ்பெற்ற அணி 2024 இல் மூடப்பட்டது. அங்கே இருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

ஆக அங்கேயும் போகிறார்கள், எங்களை விட அதிகமாகவே போகிறார்கள். யாரும் றோட்டில் மறிப்பதில்லை. ஏன் என்று மருமகனைக் கேட்டேன். ஆவணியில் இறுதிப்போட்டி முடிந்த பிறகுதான் மாறுவார்களாம். கார்த்திகை, மார்கழியில் அடுத்த பருவத்துக்கான முகாம் தொடங்கும்போது யார் எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதோடு ஒருவர் போனால் முழு அணியும் போய்விடாது. பித்தளைக்கு ஒரு தலைவர், ட்ரம்முக்கு ஒருவர், நடைக்கு ஒருவர், கொடிக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் கீழே நாலைந்து பேர். எங்களுக்கு எல்லாம் ஒரே ஆள். ட்ரம்மும் அவர், ட்ரம்பெட்டும் அவர், நடையும் அவர், போட்டிக்குச் சாமான் ஏற்றப் பட்டா வாகனம் பிடிப்பதும் அவர்.

எங்கள் தவில்காரர்களையும் யோசித்துப் பார்த்தேன். திருவிழாவுக்குத் திருவிழா செட் மாறும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயும் வாசித்தார் என்பதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறோம். ஆனால் தவில்காரர் போகும்போது தன் கையையும் கொண்டு போகிறார். பாண்ட் சேர் போனால் கை இங்கே நிற்கிறது, பிள்ளைகளின் கையாக. அடுத்து வருகிறவர் அந்தக் கையை என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இந்தப் புது சேருக்கு நல்ல விமர்சனம் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதல் நாள் பின்னேரம் அவர் வந்தபோது நான் உடுப்பு அளவெடுக்கப் போயிருந்தேன். ட்ரம்மைத் தொடவே இல்லை. "பழைய சேர் பழக்கினதை ஒருக்கா அப்பிடியே அடிச்சுக் காட்டுங்கோ" என்றார். பிள்ளைகள் அரைகுறையாக அடித்தார்கள். மறந்த இடம் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவர் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "நல்ல தாளம்தானே, இதை ஏன் மாத்துவான்? விட்ட இடத்தை மட்டும் கட்டுவம்" என்றார். ஒருவர் வெட்டி வைத்துவிட்டுப் போன துணி என் கடைக்கு வந்தால் முதலில் கை போவது கத்தரிக்கோலுக்குத்தான். பழையவரைத் திட்டிக்கொண்டே மறுபடி வெட்டுவோம், கடைசியில் சட்டை ஒரு அளவு சின்னதாகிவிடும். இவர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் பட்டி விஷயம். எங்களிடம் உள்ள சைட் ட்ரம்கள் ஒரு தோளில் பட்டி போட்டுத் தொங்கவிடுகிறவை. நடக்கும்போது ட்ரம் இடது தொடைப் பக்கம் சரிந்து தொங்கும். சரிந்த ட்ரம்மில் இரண்டு குச்சியையும் ஒரே மாதிரிப் பிடித்து அடித்தால் இடது குச்சி விளிம்பில்தான் போய் விழும். அதற்காகத்தான் பழைய காலத்துப் பட்டாளத்து ட்ரம்காரர்கள் இடது கையை மலர்த்தி, குச்சியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துப் பிடித்தார்களாம். அமெரிக்க அணிகளில் ட்ரம் உடம்பில் மாட்டிய சட்டத்தில் மட்டமாக நிற்கிறது. அப்படியிருந்தும் பல அணிகளில் ஸ்நேர், அதாவது எங்கள் சைட் ட்ரம் மாதிரியானதை, அடிக்கிறவர்கள் அந்தப் பழைய பிடியை விடவில்லை, அதிலே ஒரு கௌரவம். எங்கள் பழைய சேர் இரண்டு கையும் ஒரே பிடி என்று பழக்கிவிட்டார். சரிந்த ட்ரம்முக்கு அது ஒத்துவராது.

வேறு யாரும் வந்திருந்தால் பிடியை மாற்றியிருப்பார்கள், பிள்ளைகளும் விளையாட்டுப் போட்டி முடியும் மட்டும் இரண்டுங்கெட்டானாக அடித்திருப்பார்கள். இவர் ஒரு ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "அக்கா, பிள்ளையளின்ர கையை மாத்த எனக்கு நேரமில்லை. பட்டியை மாத்தித் தருவியளோ?" என்று கேட்டார். இரண்டு அங்குல நைலோன் பட்டியில், இரண்டு தோளிலும் ஏறி முதுகில் குறுக்காகப் போகிற மாதிரித் தைத்தேன். பின்னால் பக்கிள், முன்னால் இரண்டு பக்கமும் கொளுக்கி. முதல் தைத்ததில் கொளுக்கி பாரம் தாங்காமல் தையலைப் பிய்த்தது. தோல் துண்டு ஒன்றை உள்ளே வைத்துப் பெட்டித் தையல் போட்ட பிறகு நின்றது. ட்ரம் வயிற்றுக்கு முன்னால் கிட்டத்தட்ட மட்டமாக வந்துவிட்டது. பழைய சேர் பழக்கிய பிடி அப்படியே இருக்க, விளிம்புச் சத்தம் போய்விட்டது. மகளின் தொடையில் இருந்த நீலக் கண்டலும் மாறியது. இதற்கு நான் கூலி எடுக்கவில்லை என்பதைக் கணக்குக் கேட்கிற பெற்றோர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்தது நடை. அமெரிக்க அணிகளுக்கு 5 யார் தூரத்தை 8 எட்டில், அதாவது 8 காலடியில், கடப்பது அடிப்படை அளவு. கணக்குப் போட்டால் ஒரு எட்டு 22.5 அங்குலம். என் அளவு நாடாவையும் சோக்கட்டியையும் வாங்கிக்கொண்டு போய், கொங்கிறீற் போட்ட பிரார்த்தனை மண்டபத்து முற்றத்தில் கோடு கீறினார். ஆறாம் தரத்துப் பிள்ளைகளுக்கு அந்த எட்டுப் பெரிது. நான் உடுப்புக்கு எடுத்த கால் அளவுகளைக் கேட்டு, ஆகச் சின்னப் பிள்ளையின் காலுக்குப் பொருந்துகிற எட்டையே எல்லோருக்கும் வைத்தார். உயரமான பிள்ளைகள் முறைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது வரிசை வரிசையாக இருந்தது. நேர்கோடு பார்த்தே கண் பழகினவள் நான், இதில் என்னை ஏமாற்ற முடியாது.

சத்தம் பிந்துகிற விஷயத்தை அவர் காட்டிய விதமும் எனக்குப் பிடித்தது. பிள்ளைகள் பின்னால் கேட்கிற சத்தத்தை வைத்து அடித்து, மைதானத்தின் அந்தப் பக்கம் போனதும் தாளம் குழம்பும். ஒருநாள் பேஸ் ட்ரம் அடிக்கிற பொடியனை மைதானத்தின் மறு அந்தத்துக்கு அனுப்பி, கையை உயர்த்தி ஒவ்வொரு அடியாக அடிக்கச் சொன்னார். கோல் தோலில் படுவது முதலில் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. 100 மீற்றருக்குச் சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 செக்கன். நிமிடத்துக்கு 120 எட்டு நடக்கும்போது ஒரு எட்டுக்கு அரைச் செக்கன்தான், ஆகவே பாதி எட்டுக்கும் மேலே பிந்திவிடும். "இப்ப விளங்குதோ? தூரத்தில நிண்டா காதை நம்பாதேங்கோ, லீடரின்ர கையைப் பாருங்கோ." விஞ்ஞானப் பாடத்தில் ஒலியின் வேகம் படித்த பிள்ளைகளுக்கே அன்றைக்குத்தான் அது ஏறியிருக்கும்.

ட்ரம் தோல் விலை எல்லோருக்கும் தெரியும். எங்கள் சாமான்கள் வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. அதற்கு முந்தியவை 2009 இடப்பெயர்வோடு போனவை. அதனால் ஒரு தோல் கிழிந்தாலும் கூட்டம் போட வேண்டும். இவர் மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பலகையில் இழுத்து ஆணி அடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. பாரடிடில் என்று பெயர். சர்வதேச அளவில் 40 அடிப்படைச் சொற்கட்டுகள் இருக்கின்றனவாம், இவர் அதில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து அதையே அரைத்தார். வீட்டில் சோறு வடிக்கிற நேரமெல்லாம் அந்தச் சத்தம்தான், ஆனால் ரியூப் என்றபடியால் அயல் வீட்டுக்காரர் சண்டைக்கு வரவில்லை. தோல் இறுக்குவதையும் பிள்ளைகளுக்கே காட்டிக் கொடுத்தார்: ஒரு திருகாணியை அரைச் சுற்று, பிறகு அதற்கு நேர் எதிரே உள்ளதை அரைச் சுற்று. வட்டமாகப் போனால் தோல் ஒரு பக்கம் இழுபடும். முன்னர் இது சேர் மட்டும் தொடுகிற இரகசியமாக இருந்தது.

மாசியில் காலபோக அறுவடை. ஏதோ ஒரு வீட்டில் நெல் வெட்டு, பிள்ளை வராது. இவர் இடத்தை மூட விடமாட்டார். வராத பிள்ளையின் இடம் வெறுமையாகவே நடக்க வேண்டும், அடுத்த நாள் அது வந்து தன் இடத்தில் ஏறிக்கொள்ளும். கேட்கச் சின்ன விஷயம், வயல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இது பெரிய விஷயம்.

கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளி வைத்துப் படம். ஒவ்வொரு தாளமும் வலது இடது என்று எழுத்தில். பாண்டுக்குப் பொறுப்பான மிஸ்ஸின் போனில் எல்லாவற்றையும் பதிவு செய்ய வைத்தார். "என்ர போனில இருந்தா அது என்ர. உங்கட போனில இருந்தாத்தான் அது பள்ளிக்கூடத்தின்ர" என்றாராம். அந்தக் கொப்பி இப்போது மிஸ்ஸின் அலுமாரியில் இருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருவோம். ட்ரம்பெட் பிள்ளைகளை இவர் கவனிக்கவில்லை. மரத்துக்குக் கீழே இருத்தி "நீட்டா ஊதுங்கோ" என்று விட்டுவிட்டு ட்ரம் பக்கம் போய்விடுவார். வால்வு இறுகியபோது ஒரு பிள்ளை தேங்காய் எண்ணெய் விட்டது. அது பிசினாகப் பிடித்து மூன்று ட்ரம்பெட் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கென்று எண்ணெய் இருக்கிறது என்பதையாவது முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? தனக்கு ஊதத் தெரியாது என்பதை நேரே சொன்னால் நாங்கள் வேறு ஆளைத் தேடியிருப்போம்.

தாளமும் எல்லாம் எங்களுக்கென்று கட்டியதில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் என் தங்கையின் பிள்ளையின் விளையாட்டுப் போட்டிக்குப் போனால், எங்கள் இரண்டாவது நடைத் தாளம் அங்கே அப்படியே போகிறது. இவர் முன்பு பழக்கிய பள்ளிக்கூடம். கேட்டதற்கு, "ஆர் வடிவா அடிக்கினமோ அவையின்ர தாளம் அக்கா" என்று சிரித்தார். சிரிப்பு வந்ததுதான், ஆனால் இரண்டு பள்ளிக்கூடமும் ஒரே போட்டியில் இறங்கினால் நடுவர் சிரிக்கமாட்டார்.

நேரம். விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் தை, மாசி, பங்குனியில் ஒன்றின்மேல் ஒன்று வரும், இவர் ஒரே பருவத்தில் பல பள்ளிக்கூடத்துக்கு ஒத்துக்கொள்கிறார். மூன்று மணி என்றால் நாலுக்கு வருவார். மழை என்றால் வரவே மாட்டார், ஆனால் போன் எடுப்பார், அது ஒரு ஆறுதல். பிள்ளைகளுக்கு அடிக்க மாட்டார். ஏச்சு உண்டு, மாடு வரைக்கும் போகும். இரண்டு தாய்மார் அதற்காகவே பிள்ளையை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

விளையாட்டுப் போட்டி அன்றைக்கு சேர் வரவில்லை. அதே நாள் இன்னொரு பள்ளிக்கூடத்திலும் போட்டி, அங்கே போய்விட்டார். இதை அவர் இரண்டு கிழமைக்கு முன்னரே சொன்னார், அந்த நாளுக்குக் காசும் எடுக்கவில்லை. ஆனாலும் பெற்றோரில் பாதிப் பேர் கொதித்தார்கள். அணி மேடைக்கு முன்னால் வந்து நிற்கிற நேரம், அறிவிப்பாளர் பிரதம விருந்தினரின் பட்டம் பதவிகளை வாசிக்கத் தொடங்கியவர் நிறுத்துவதாக இல்லை. பழகியபடி பார்த்தால் அந்த இடத்தில் தாளம் மாறித் திரும்ப வேண்டும். பாண்ட் லீடர் பதினோராம் தரத்துப் பிள்ளை. கோலைக் குறுக்கே பிடித்து, நின்ற இடத்தில் நடை என்று சைகை காட்டினாள். சைட் ட்ரம் எல்லாம் விளிம்புத் தட்டுக்கு இறங்கியது, காலடி மட்டும் போகிறது. அறிவிப்பாளர் மூச்சு வாங்கினார். அவள் கோலை இறக்கினாள். ஒரே அடியில் முழு வரிசையும் எழும்பித் திரும்பியது. அந்தச் சைகை கொப்பியில் இருக்கிறது, நான் பிறகு மிஸ்ஸிடம் வாங்கிப் பார்த்தேன். எப்போது காட்ட வேண்டும் என்பது அதில் இல்லை. அதை அவளே முடிவெடுத்தாள். பழைய சேர் இருந்த வருடம் அவர் மைதான ஓரத்தில் நின்று கை காட்டக் காட்டத்தான் எல்லாம் நடந்தது.

கட்டணம் ஒரு வகுப்புக்கு 3,000 ரூபாய், பெட்ரோல் தனி. ட்ரம், ஊது வாத்தியம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு என்பதால் என் கணக்கில் ஊது வாத்தியப் பங்கு வீண். பேரம் பேசலாம், பேசுங்கள். தேநீர், வடை எதிர்பார்ப்பார். முற்பணம் கேட்பதில்லை. போட்டியில் வென்றால் மேலதிகமாக ஏதாவது தர வேண்டும் என்ற பேச்சும் இல்லை, சிலரிடம் அந்தப் பேச்சுத்தான் முதலில் வரும்.

கூப்பிட நினைக்கிறவர்கள் ஐப்பசிக்கு முன்னமே கதையுங்கள், மார்கழியில் கேட்டால் மிஞ்சிய நேரம்தான் கிடைக்கும். எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் போட்டித் திகதி எதனோடும் மோதுகிறதா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். ஒளிக்கிற ஆள் இல்லை, கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். அவர் முன்பு பழக்கிய பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போய், அவர் இல்லாமல் இப்போது எப்படி அடிக்கிறார்கள் என்று பாருங்கள். கேடயம் எத்தனை என்று கேட்பதை விட அது பிரயோசனம். நான் புதுக்குடியிருப்பில் பார்த்தது தற்செயலாகத்தான், ஆனால் அவர் விட்டுப்போன பிறகும் அந்தப் பிள்ளைகள் ஒரு அடி பிசகாமல் அடித்தார்கள். தாளம் ஒன்றாக இருந்த எரிச்சலில் அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த வருடம் எங்களுக்கு இவர் இல்லை. மாங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கூப்பிட்டிருக்கிறது, ஆவணியிலேயே அதிபரிடம் வந்து சொல்லிவிட்டார். ட்ரம் பகுதியை அவரிடம் பழகிய பழைய மாணவன் ஒருவன் பார்ப்பான். கொப்பியை வைத்துச் சமாளிப்பான் என்று மிஸ் சொல்கிறார். ட்ரம்பெட், ட்ரொம்போன் பழக்கத் தெரிந்த ஒருவர் எங்களுக்கு உடனே வேண்டும். சனிக்கிழமை காலையில் வரக்கூடியவராக, ஊதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வால்வு எண்ணெய் நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம். விசுவமடுவில் பாண்ட் உடுப்புத் தைக்கிற கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள், புதன்கிழமை பூட்டு.